மூன்றாம் அத்தியாயத்தில் செத்துப்போன உன் அம்மா

எய்யா,

நீ அனுப்பிய கட்டு செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. நாவல் முழுவதையும் நான் படித்து முடித்துவிட்டேன். உன் அம்மா இன்னும் இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கிறாள். மூன்றாம் அத்தியாயத்தில் நீ அவளைக் கொன்றுவிட்டாய் என்பது அவளுக்குத் தெரியாது. இந்த ஒரு காரியத்தால் எனக்கு இந்த வாரம் முழுக்க இருப்புக் கொள்ளவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போகிறேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை, திரும்பி வருகிறேன். வந்ததும் அவள் எந்தப் பக்கத்தில் விரலை வைத்திருக்கிறாள் என்று எட்டிப் பார்க்கிறேன். "என்னத்த எட்டி எட்டிப் பாக்குதீங்க? நீங்கதான் படிச்சாச்சுல்லா?" என்று விரட்டுகிறாள்.

போனில் உன்னிடம் சொல்லியிருக்கலாம். "அடுத்த வாரம் அச்சுக்குப் போகுதுப்பா, ஏதாவது தப்பிருந்தா சொல்லுங்க" என்று நீ கேட்டபோது அவள் என் பக்கத்தில்தான் நின்றாள், காதைப் போனுக்குள்ளேயே வைத்திருந்தாள். "நல்லாருக்குய்யா, நல்லாருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டேன். பொய் சொல்லவில்லை, நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். மில்லில் ஃபிட்டராகக் காலத்தை ஓட்டியவன் நான், லீவு லெட்டருக்கு மேல் எழுதிப் பழக்கமில்லை. கோர்வை இல்லாமல் போனால் பொறுத்துக்கொள்.

அவள் படிக்கிற வேகம் உனக்குத் தெரியும். தமிழ் எழுத்தை அவள் பஸ் போர்டுகளில் படித்தாள். சாத்தூர், எட்டயபுரம், விளாத்திகுளம் என்று ஒவ்வொன்றாக. பிறகு நீ ஒன்றாம் வகுப்புப் படித்தபோது உன் புத்தகத்தை வைத்துக்கொண்டு உன்னோடு உட்கார்ந்து படித்தாள். இப்போதும் வரிக்கு வரி விரல் வைத்து, சத்தமாகத்தான் படிக்கிறாள். ஒரு நாளைக்கு நாலைந்து பக்கம் போனால் பெரிய காரியம். நடுவில் என்னைக் கூப்பிட்டுக் கேட்கிறாள். "சுயம்னா என்னங்க?" "தன்னைப் பத்தினது." "அதை எதுக்கு இத்தனை வாட்டி எழுதிருக்கான்?" தெருவில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சொல்லிவிட்டாள்: "எம் மகன் புக்கு எழுதிருக்கான். அதுல நானும் வருதேன்." மெடிக்கல் கடைக்காரர் தனக்கு ஒரு புத்தகம் வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறார். இத்தனைக்கும் நடுவில் நான் எப்படி வாயைத் திறப்பது?

முதலில் என் வழக்கைச் சொல்லிவிடுகிறேன். உன் கதாநாயகனின் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே இருக்கிறார், புத்தகம் முடிகிற வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. உன் மனசைத் தொட்டுச் சொல், நான் என்றைக்காவது பேசாமல் இருந்திருக்கிறேனா? என் வாய் ஓயாது என்று நீயே தலையில் அடித்துக்கொள்வாய். நம் வீட்டு ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டு எவன் வருஷக்கணக்காக உட்கார்ந்திருப்பான்? சரி, அது போகட்டும். என்னை எப்படி எழுதினாலும் நான் தாங்கிக்கொள்வேன்.

நல்லதையும் சொல்ல வேண்டும். நீ பட்டதை எழுதியிருக்கிற இடத்தையெல்லாம் இரண்டு தடவை படித்தேன். நம்ம ஊர்த் தமிழில் நீ டிக்கெட் கேட்க, கண்டக்டர் உன் முகத்தையும் முடியையும் பார்த்துவிட்டு இங்கிலீஷில் பதில் சொல்கிற இடம். சலூன்காரர் உன் தலையில் சீப்பை வைத்துவிட்டு அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் கண்ணாடியில் என்னைப் பார்த்த இடம். பள்ளிக்கூடத்தில் உன் பெயரையே மறந்துவிட்டு எல்லோரும் 'ஆப்பிரிக்கா' என்று கூப்பிட்டது, வாத்தியார் உட்பட. அப்புறம் நீ வேலைக்குப் போய்ச் சம்பாதித்து ஆப்பிரிக்காவுக்கு, முவான்சாவில் இருக்கிற உன் மாமன் வீடுகளைப் பார்க்க ஆசையாய்ப் போனபோது, அங்கே இருந்த பிள்ளைகள் உன்னை 'முஹிந்தி' என்றார்கள், இந்தியாக்காரன் என்று. இதை நீ வந்ததும் எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னாய். புத்தகத்தில்தான் நீ அழுதிருக்கிறாய் என்று தெரிந்தது. அந்தப் பக்கத்தில் நானும் அழுதேன். அதை மறைக்க எனக்கு ஒன்றுமில்லை.

ஆனால் அவளை ஏன் கொன்றாய் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன், கோபப்படாதே. அவள் உயிரோடு இருந்தால் உன் கதை நகராது. உன் கதாநாயகன் கண்ணாடி முன்னால் நின்று 'நான் யார்?' என்று கேட்கும்போதெல்லாம் அடுக்களையிலிருந்து அவள் குரல் வந்துவிடும்: "ஏலே, மொதல்ல கரண்டு பில்லக் கட்டிட்டு வா, அப்புறமா நின்னு பாரு." அவன் பாவம், சோகமாய் இருக்க ஒரு நிமிஷம் கிடைக்காது. அதனால் ஒரு காய்ச்சலை வரவழைத்து அவளை அப்புறப்படுத்தினாய். அதோடு விட்டிருந்தால்கூட நான் இவ்வளவு தவித்திருக்க மாட்டேன். அவளைப் பெட்டியில் வைத்து, மதுரையில் விமானத்தில் ஏற்றி, ஆப்பிரிக்காவில் பிறந்தவளை அங்கேயே அனுப்பிவிட்டார்கள் என்று எழுதினாய் பார், அந்த இடத்தில்தான் நான் தாள்களை மூடி வைத்தேன்.

அவள் இங்கே வந்த கதையில் உனக்குப் பாதிதான் தெரியும். நான் முவான்சா பஞ்சாலையில் ஃபிட்டர். அவள் அங்கே நூல் சுற்றுகிற கோன் வைண்டிங்கில் இருந்தாள். அவளுடைய ஊரும் நம்ம ஊர் மாதிரி பருத்தி விளைகிற கரிசல்தான், ஆடும் மாடுமாய் வளர்ந்தவள். ஆலையை மூடினார்கள். நீ அப்போதுதான் நடக்க ஆரம்பித்திருந்தாய், மூன்று பேரும் கோவில்பட்டிக்கு வந்து இறங்கினோம். அவளைப் பார்க்க நம் சொந்தக்காரர்கள் வேன் வைத்து வந்தார்கள். நிறத்தைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. வெயிலில் காய்ந்த நம் ஆட்களைப் பக்கத்தில் நிறுத்தினால் அவளுக்கும் நமக்கும் அப்படி ஒன்றும் பெரிய வித்தியாசமில்லை. முடிதான் எல்லோருக்கும் அதிசயம். பெண்கள் கேட்காமலேயே தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அவள் எல்லோரும் தொட்டு முடிக்கட்டும் என்று இருந்துவிட்டு, கடைசியில் தொட்டவர்கள் ஒவ்வொருத்தர் சடையையும் பிடித்து இழுத்து இழுத்துப் பார்த்தாள். அன்றிலிருந்து அந்த வேலை நின்றுபோனது. மழைக்காலத்தில் முதல் தடவை ஊரில் பருத்திக்காட்டுக்குக் கூட்டிப் போனபோது, நான் சொல்வதற்கு முன்னாலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். கரிசலில் செருப்போடு நடந்தால் மண் அப்பிக் காலைத் தூக்க முடியாது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

உன் பெரியம்மா, அதாவது என் மதினி, செத்த அன்றைக்கு நீ இரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதப் போயிருந்தாய். அதனால் நடந்ததை நீ பார்க்கவில்லை. குளிப்பாட்டி எல்லாம் முடிந்துவிட்டது, ஆனால் தூக்கவில்லை. மதினியின் அண்ணன் தம்பிமார் கழுகுமலைப் பக்கத்திலிருந்து கோடி கொண்டுவர வேண்டும், வண்டி வழியில் பஞ்சராகிவிட்டது. வெயில் ஏறுகிறது, ஊரே உட்கார்ந்திருக்கிறது. அம்மா என்னிடம் வந்து, "எல்லாரும் யாருக்கு வெயிட் பண்ணுதாவ?" என்று கேட்டாள். கட்டிக்கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடி என்று ஒரு புதுச்சேலை வர வேண்டும், அதைப் போர்த்திய பிறகுதான் தூக்குவார்கள், அவளுக்கு ஆள் இருக்கிறது என்று ஊருக்குத் தெரிய வேண்டும் என்று சொன்னேன். சேலை வந்தது, மேளம் அடித்தார்கள், போர்த்தினார்கள், தூக்கினார்கள். அவள் மட்டும் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுக் கேட்டாள். "எனக்கு யாருங்க கொண்டாருவா? எங்க அண்ணன்மாரு பிளேன் புடிச்சு வாரதுக்குள்ள நான் கெடந்து நாறிப் போவேன்லா?" நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அப்புறம்தான் பேச்சிமுத்து மாமா. எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கம் ஆட்டுக்கிடை போட்டிருந்தவர். உன் அம்மா வீட்டுக்குப் பின்னால் ஆடு வளர்க்க ஆரம்பித்தபோது அவரிடம்தான் முதல் குட்டி வாங்கினாள். பல்லைப் பிடித்துப் பார்த்து, முதுகைத் தடவிப் பார்த்து அவள் பேரம் பேசியதில் மனிதர் அசந்துபோனார். அப்புறம் கோவில்பட்டிக்கு எந்த வேலையாக வந்தாலும் அவளிடம் ஆட்டுக்கதை பேசாமல் போக மாட்டார். அப்படி ஒரு நாள் பேச்சுவாக்கில் இந்தக் கோடி விஷயத்தை அவரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "இதுக்குப் போயி சோறு திங்காம இருந்தியாக்கும்? நான் போடுதேன்க்கா" என்றார். நான் அதை ஒரு ஆறுதல் வார்த்தையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த பொங்கலுக்கு முந்தின நாள் காலையில் வாசலில் வண்டிச் சத்தம். மாமா ஒரு கட்டுக் கரும்பு, பச்சரிசி, வெல்லம், மஞ்சள் குலை, தேங்காய், ஒரு மஞ்சப்பை நிறையப் பனங்கிழங்கு எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு, "அத்தான், படி கொண்டாந்திருக்கேன்" என்றார். அதுவரைக்கும் என்னை அண்ணாச்சி என்று கூப்பிட்டவர். கல்யாணமான பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து வருகிற பொங்கப்படி அது. இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன். "கோடி போடுதவன் படி குடுக்கணும்லா அத்தான்? சாவுக்கு மட்டும் வந்து நின்னா ஊரு சிரிக்காது?" என்றார். உன் அம்மா அந்தக் கரும்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

நம் ஆட்களில் அது பெரிய பஞ்சாயத்தாகப் போனது. உன் பெரியப்பா வீட்டுக்கே வந்துவிட்டார். "ஆடு மேய்க்கவன் அவளுக்குத் தம்பின்னா, அப்ப நமக்குச் சம்மந்தக்காரனாலே? நாளப்பின்ன அவன் வீட்டுல பொண்ணு எடுக்கணும்பான், குடுக்கணும்பான். என்ன பதில் சொல்லுவ?" என்று என்னைப் பிடித்தார். ஆப்பிரிக்காக்காரியைக் கட்டியபோதுகூட மனிதர் இவ்வளவு கலங்கவில்லை. அது கடல் தாண்டிய சங்கதி, இது பக்கத்து ஊர்க்காரன். உன் அம்மாதான் உள்ளேயிருந்து வந்தாள். "அவன் எனக்குத் தம்பி. ஒங்களுக்கு அவன் என்ன முறை வேணும்னு நீங்க அண்ணனும் தம்பியும் பேசி முடிவு பண்ணிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுக் காப்பி போடப் போய்விட்டாள். பெரியப்பா அந்த வருஷம் நம் வீட்டுப் பொங்கலைத் தொடவில்லை. அடுத்த வருஷமும் தொடவில்லை. இப்போது பனங்கிழங்கு வந்துவிட்டதா என்று போன் போட்டுக் கேட்கிறார்.

அதற்குப் பிறகு ஒரு நாள் ஊருக்குப் போனபோது, ஓடைக்கரையில் மதினியைப் புதைத்த இடத்துக்கு என்னைக் கூட்டிப்போய், பக்கத்தில் காலால் கோடு கிழித்துக் காட்டினாள். "நான் இங்கன. நீங்க அங்கன. சண்டை போடாம கெடப்போம்" என்றாள். உன்னிடமும் அவள் இதைச் சொல்லியிருக்கிறாள், நீ அப்போது போனைப் பார்த்துக்கொண்டு 'சரிம்மா, சரிம்மா' என்று தலையாட்டினாய்.

இப்போது உன் நாவலைத் திறந்து பார். வருஷா வருஷம் கரும்போடு வந்த மனிதருக்கு நீ ஒரே ஒரு வரி கொடுத்திருக்கிறாய்: 'எப்போதாவது ஆட்டுக்காரர் ஒருவர் வந்துபோவார்.' உன் காதில் ஓட்டை போட்டபோது எவர் மடியில் உட்கார்ந்து நீ கதறினாயோ அவர்தான் அந்த 'ஒருவர்'. தாய்மாமன் மடி அது. உன் கதாநாயகன் யாருமில்லாதவனாக இருக்க வேண்டும் என்பதற்காக இருந்தவர்களையெல்லாம் ஒவ்வொருவராகக் கழித்துவிட்டாய். எனக்குக் கோபம் வந்தது. வெளியே போனேன், பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்தேன், கோபம் போகவில்லை.

நீ உன்னை என்னவென்று சொல்லிக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. தமிழன் என்று சொல், ஆப்பிரிக்கன் என்று சொல், இரண்டும் என்று சொல், இரண்டும் இல்லை என்று சொல். தினம் ஒன்று சொன்னாலும் எனக்குச் சம்மதம். கண்டக்டரிடம் பட்டவன் நீ, சலூனில் உட்கார்ந்தவன் நீ, அது உன் பாடு, உன் உரிமை. கடைசிப் பக்கத்தில் உன் ஆள் எந்த ஊருக்கென்று தெரியாமல் ரயில் ஏறுகிறானே, அவன் கையைப் பிடித்து நான் இழுக்கவில்லை. ஆனால் உன் அம்மா தான் யார் என்பதை எப்போதோ முடிவு செய்துவிட்டாள். புத்தகம் எழுதாமல், சண்டை போட்டு, பேரம் பேசி, ஒரு தம்பியைத் தேடிப் பிடித்து, படுக்க ஒரு இடத்தைக் காலால் கீறி முடிவு செய்தாள். அதை நீ அழிக்கக் கூடாது. கதைதானே என்று சொல்லாதே. இந்தத் தெருவே படிக்கப் போகிற கதை.

இவ்வளவையும் எழுதி மடித்து வைத்தேன். திங்கட்கிழமை காலையில் கூரியரில் போடலாம் என்றிருந்தேன். அதற்குள் சனிக்கிழமை மதியம் காரியம் நடந்துவிட்டது.

நான் பின்னால் குழாயைச் சரிபண்ணிக்கொண்டிருந்தேன். உள்ளே அவள் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தது திடீரென்று நின்றது. ஸ்பானரைப் போட்டுவிட்டு எழுந்தேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, தாள்களோடு பின்வாசற்படியில் வந்து நின்றாள்.

"ஏங்க, நான் செத்துட்டேன்."

"கதைதான நேமா" என்றேன்.

"கதைன்னு தெரியாதாக்கும்? செத்தா செத்துட்டுப் போறேன். கதைன்னா நாலு பேரு சாவத்தான் செய்வாவ. என்னை எதுக்குங்க பெட்டில போட்டு அனுப்பிட்டான்? இங்கன இடமா இல்ல?"

சொல்லிவிட்டு அழுதாள். அவள் அப்பா செத்துப்போன தகவல் வந்தபோது பார்த்த அழுகை அது. உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் உனக்குப் போன் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு அவளே போனை எடுத்தாள். ஆனால் உன்னைக் கூப்பிடவில்லை.

"ஏலே பேச்சிமுத்து, நான் செத்துட்டேன்லே. பெட்டில ஏத்தி அனுப்பிட்டாவ. ஒன்னயக் காணோம்."

அந்தப் பக்கம் மனிதர் பதறிவிட்டார். "எக்கா, என்னக்கா சொல்லுத? ஒடம்புக்கு என்ன செய்யி? அத்தான் எங்க, போனக் குடு" என்று அலறியது எனக்கே கேட்டது. நான் வாங்கி விஷயத்தைச் சொன்னேன். "காலைல வாரேன்" என்று வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மொபெட்டில் வந்து இறங்கினார். அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். 'ஆட்டுக்காரர் ஒருவர்' வந்த இடத்தை முழுங்கிவிடலாம் என்று பார்த்தேன், உன் அம்மா விடவில்லை, அதையும் படிக்க வைத்தாள். மாமா கோபப்படவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நீ எத்தனை வருஷமாய் இதை எழுதினாய் என்று கேட்டார். பிறகு சொன்னார்:

"மருமவன வைய்யாதீங்க அத்தான். அவன் மனசுல என்ன பாடோ. நம்மளப் பத்தி எழுத எடம் இல்லன்னா வேண்டாம். ரெண்டே ரெண்டு வரி மட்டும் போடச் சொல்லுங்க. தம்பிக்காரன் கோடி எடுத்துக்கிட்டு பஸ்ஸுல வந்துக்கிட்டு இருக்கான்னு. நான் வந்து சேருத வரைக்கும் அவளத் தூக்கிராண்டாம்னு சொல்லுங்க."

உன் அம்மா நாலாம் அத்தியாயத்தைத் தொட மாட்டேன் என்கிறாள். தாள்களை ரப்பர் பேண்டு போட்டு டி.வி. மேல் வைத்துவிட்டாள். தான் தூக்காமல் கிடக்கும்போது அடுத்த பக்கத்தை எப்படிப் புரட்டுவது என்று கேட்கிறாள்.

அச்சுக்குப் போக இன்னும் சில நாள் இருக்கிறது இல்லையா? அவளை உயிரோடு எழுப்பு என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. பேச்சிமுத்து மாமா பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறார். அவரை வந்து இறங்க விடு. அவர் கொண்டுவந்ததைப் போர்த்தட்டும், ஓடைக்கரையில் அவள் காட்டிய இடத்தில் வைக்கட்டும். அதற்கப்புறம் உன் ஆள் எந்த ரயிலில் வேண்டுமானாலும் ஏறிக்கொள்ளட்டும். வழியனுப்ப ஸ்டேஷனுக்கு நாங்கள் மூன்று பேரும் வருகிறோம்.

ஜன்னலோரம் உட்காரவே தெரியாத
உன் அப்பா